கியர்பெட்டியின் அசல் எண்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம், மூட்டுவலியும் என்னோடு நலமாகவே இருக்கிறது. உன் ரத்தக்கொதிப்பும் மகளின் நிறைமாத வயிறும் எப்படி?

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. அறுபது வருடப் பழைய பந்தயக் கார் ஒன்று விற்பனைக்கு வந்தது. கியர்பெட்டி அசல்தானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதில் பொறித்திருந்த எண் வண்டியின் பழைய காகிதத்தில் உள்ளதோடு அச்சாகப் பொருந்தியது. என் கைதான் சும்மா இருக்காதே! அதன்மேல் விரலை ஓட்டினேன். பழைய எண்ணை அரத்தால் தேய்த்துப் புதிதாக அடித்த பள்ளம் தட்டுப்பட்டது.

முதலாளி சிரித்தார். "யோவ், உன் விரலுக்கு மட்டும்தான்யா தெரியுது. கையெழுத்தப் போட்டுட்டு ஊருக்குக் கிளம்பு."

"தெரிஞ்சே எப்படிங்க போடுறது?" என்றேன்.

அரிச்சந்திரனுக்குச் சுடுகாடு, எனக்கு உதிரிபாகம் கழுவும் தொட்டி. விடுப்பும் போயிற்று. பிரசவத்துக்கு அப்பா வரமாட்டார் என்று மகளிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. எனக்குத் தைரியமில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் தலையணை உறை ஒன்றைக் கொடுத்தனுப்பு. இங்கே தருவது சொரசொரவென்று இருக்கிறது, வேறொன்றுமில்லை. புதிதாக வாங்கி அனுப்பிவிடாதே; அசல் இல்லையென்றால் கண்டுபிடித்துவிடுவேன்.

வேலைக்கு மணியடித்துவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரன்