ஹீட்டர் சரியாயிருச்சாம்

வேலப்பர் துணை

மன்னவனூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் பிரசாந்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் பிரியாவும் பாப்பாவும் புனாவில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று பூம்பாறை வேலப்பரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் இருக்கிறேன். சுகமாக இருக்கிறேன் என்றும் எழுத வேண்டும், அதை இந்தத் தடவை எழுதவில்லை, ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் உனக்கே தெரியும். முதலில், ஹீட்டர் பார்க்க ஆள் வந்த அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன், பிற்பாடு ஒருத்தரும் மாற்றிப் பேசக் கூடாது. நான் இருந்தேன். உன் சின்னச்சாமி சித்தப்பா பூண்டுக்குத் தண்ணி திருப்பிவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ராஜகுமாரி காபித்தூள் கேட்டு வந்தவள் வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றாள். கொடைக்கானலிலிருந்து கம்பெனி மெக்கானிக் சண்முகராஜ் வந்திருந்தான், சிவப்புச் சட்டை, இடது கைக் கட்டைவிரல் நகம் அடிபட்டுக் கறுத்திருந்தது. அப்புறம் நீ இருந்தாய், அவன் போனுக்குள்.

திங்கட்கிழமையிலிருந்து நீ கூப்பிடுவதும் நான் எடுக்காததுமாக இருக்கிறது. சித்தப்பாவைக் கூப்பிட்டு அம்மா போன் ரிப்பேரா என்று கேட்டாயாம். போன் நன்றாக இருக்கிறது, சார்ஜும் இருக்கிறது, தண்ணித் தொட்டிப் பக்கம் போய் நின்றால் சிக்னலும் வரும். நான்தான் எடுக்கவில்லை. எடுத்தால் சரிம்மா சரிம்மா என்பாய், நான் பாதி சொல்லும்போதே அறுந்துபோகும், மீதியை நான் வீட்டுக்கு வரும் வழியில் எனக்கே சொல்லிக்கொண்டு வர வேண்டும். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதுவும் போக, புது வீட்டுக்குப் போகிறோம், பிரியா ஃபிரிட்ஜும் வாஷிங் மிஷினும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னாய் அல்லவா, அதற்கும் சேர்த்து இதில் புத்தி சொல்கிறேன், கேட்டால் கேள்.

போன கார்த்திகைக்கு நீ வந்து பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டினாய், நல்ல காரியம்தான், ஆனால் பின்கட்டில் இருந்த வெந்நீர் அடுப்பை இடித்துப் போட்டாய். இனிமே புகையில கெடந்து இருமாதம்மா, சுவிட்சப் போட்டா சுடுதண்ணி என்று சொன்னாய். ஹீட்டர் வந்து ஓடட்டும், அப்புறம் இடிக்கலாம் என்று நான் சொன்னது உன் காதில் விழவில்லை. ஹீட்டரையும் போனிலேயே பார்த்து போனிலேயே வாங்கினாய். கொடைக்கானலோடு சரி, மன்னவனூருக்கெல்லாம் வண்டி வராது என்று நம்ம ஊர் கேரட் வண்டிக்கார வேல்ராஜ் கையில் தள்ளிவிட்டார்கள், அவன் கேரட் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது தூக்கிப்போட்டு வந்தான். பெட்டியில் ஒரு மூலை நசுங்கிக் கிடந்தது. உள்ள தெர்மாகோல் இருக்கும்மா, ஒண்ணும் ஆகாது என்றாய். ஆகுமா ஆகாதா என்பது அப்புறம், நீ ஃபிரிட்ஜ் வாங்கும்போது வந்த பெட்டியை வாசலிலேயே பிரிக்கச் சொல். கொண்டுவந்தவன் வேற சோலி கெடக்கு என்று அவசரப்படுத்துவான், படுத்தட்டும். நசுங்கல் இருந்தால் போட்டோ எடுத்துவிட்டு, அவன் நீட்டுகிற தாளிலேயே நசுங்கல் என்று எழுதி, அப்புறம்தான் கையெழுத்து. இன்னொன்று, வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து அதற்குத் தக்கபடி வாங்கு. நீ எனக்கு வாங்கித் தந்தது ஒரு குடும்பமே குளிக்கிற அளவு. எனக்கு ஒரு வாளி போதும், மீதித் தண்ணி உள்ளேயே கிடந்து ஆறிப்போகிறது, தினமும் ஆறிப்போகிறது.

மார்கழி முழுக்க ஓடியது, பொய் சொல்லக் கூடாது. பனி பெய்து புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கிற காலையில் குழாயைத் திருகினால் ஆவி பறக்கும், என் மகன் வாங்கிக் கொடுத்தது என்று ராஜகுமாரியிடம் சொன்னேன், அவளுக்கு வயிற்றெரிச்சல். தை பிறந்து சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, தண்ணி சுடவில்லை. நீ கம்பெனியில் புகார் பதிந்தாய், உன் நம்பரில். அப்போதே என் நம்பரைக் கொடுத்திருக்க வேண்டும். பொருள் யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும், இதைப் பிரியாவிடமும் சொல், நீ ஆபீசில் இருக்கும்போது வாஷிங் மிஷினோடு நிற்கப் போகிறவள் அவள்தான்.

சண்முகராஜ் மூடியைக் கழற்றினான், தண்ணியச் சூடாக்குற கம்பிச்சுருள், அந்தக் காயில் போயிருச்சும்மா, தண்ணி இல்லாம ஓட விட்டிருப்பீங்க என்றான். தம்பி, குழாயைத் தொறந்து தண்ணி வருதான்னு பாத்துட்டுத்தான் நான் சுவிட்ச்சில கை வைப்பேன், எம்மேல பழி போடாத என்றேன். அதற்கு உன் சித்தப்பா வாசலில் இருந்துகொண்டே, மதினிக்கு வயசாயிருச்சுல்ல, மறந்திருக்கும் என்கிறார். எனக்கா மறக்கும், அவர் கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போன மிக்ஸி ஜாரை மூடி இல்லாமல் திருப்பிக் கொடுத்தார், அந்த மூடி வெள்ளை, ஓரத்தில் நீலக்கோடு, இன்றைக்கும் அது அவர் வீட்டில் உப்புச் சட்டியை மூடிக்கொண்டு இருக்கிறது. சண்முகராஜ், காயில் கைவசம் இல்ல, கீழேயிருந்து வரணும், வந்ததும் வெரசா வந்து மாட்டிர்றேன் என்றான். பிறகு போனை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான். சிக்னல் தேடிப் போறான் என்று ராஜகுமாரி சொன்னாள். திரும்பி வந்து நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். சாயங்காலம் நீ கூப்பிட்டு, அம்மா, ஹீட்டர் சரியாயிருச்சாம்ல என்றாய். இல்லப்பா, காயில் வரணுமாம், இன்னும் சுடல என்று நான் சொன்னேன். சரிம்மா சரிம்மா, பாப்பா அழுகுறா என்று வைத்துவிட்டாய்.

அதற்கப்புறம் சண்முகராஜ் வரவில்லை. கம்பெனிக்கு நான் போட்டால் ஒன்றை அமுக்கு இரண்டை அமுக்கு என்கிறது, அமுக்கி அமுக்கி ஒரு பிள்ளை வந்தால் பதிஞ்ச நம்பர்லேர்ந்து கூப்பிடுங்க என்று வைத்துவிடுகிறது. உன்னிடம் சொன்னேன், சனிக்கிழமை பாக்குறேம்மா என்றாய், சனிக்கிழமை போய்க்கொண்டே இருந்தது. அடுப்பு இல்லை, ஹீட்டர் இல்லை, நான் சமையல்கட்டில் கேஸில் தண்ணி காய வைத்துப் பின்கட்டுக்குத் தூக்கிப் போனேன். மேகம் இறங்கி நடைக்கல் ஈரமாகக் கிடந்தது, வழுக்கிவிட்டது, கொதித்த தண்ணி இடது காலில் கொட்டிவிட்டது. ராஜகுமாரிதான் சத்தம் கேட்டு ஓடிவந்து பச்சைத் தண்ணியை ஊற்றி ஊற்றி, வேல்ராஜ் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், அவள் மேல் எனக்கு இருந்த பழைய கோபத்தில் ஒன்றை அன்றைக்கு எடுத்துவிட்டேன், ஒன்றைத்தான். பயப்படாதே, புண் ஆறி வருகிறது, செருப்புதான் இன்னும் மாட்ட முடியவில்லை. அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டேன். மீட்டிங்ல இருக்கேம்மா என்றாய். அதனால்தான் சொல்லவில்லை, அப்புறம் சொல்லத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வெள்ளனே எழுந்து, காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, வேல்ராஜ் வண்டியில் கேரட் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொடைக்கானல் போனேன். சர்வீஸ் ஆபீசில் தேவசேனா என்று ஒரு பெண். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அம்மா, உங்க கம்ப்ளெயின்ட் எப்பவோ முடிஞ்சுபோச்சுங்களே, திருப்தின்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே என்றாள். எந்த வாயால சொன்னேன் தாயீ, இந்த வாயா, நல்லாப் பாத்துச் சொல்லு என்று நான் கேட்டதும் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, திரையை என் பக்கம் திருப்பி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். ரிப்பேர் முடிந்தது. முடித்ததற்கான நம்பர் வாடிக்கையாளர் போனுக்குப் போய், அவரே சொல்லியிருக்கிறார். மறுநாள் மத்தியானம் ஆபீசிலிருந்து கூப்பிட்டு விசாரித்ததற்கு, ஹீட்டர் சூப்பரா ஓடுது, அம்மா ரொம்ப சந்தோஷமா இருக்காங்க என்று பதில். போன் நம்பரையும் வாசித்தாள். அவள் முடிக்கும் முன்னால் மீதி நம்பரை நான் சொல்லிவிட்டேன், உன் நம்பர் எனக்குத் தெரியாதா.

தேவசேனா நல்ல பிள்ளை. ஸ்டூல் போட்டு உட்கார வைத்து விளக்கிச் சொன்னாள். வேலை முடியாவிட்டால் மெக்கானிக்கை ஆபீசில் திட்டுவார்களாம், அதனால் வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, வந்துட்டுப் போனதுக்குத்தான் என்று சொல்லி அந்த நம்பரை அவன் வாங்கிவிடுவானாம், வாங்கிவிட்டால் வேலை முடிந்த கணக்காம். பழைய புகார் தப்பாக முடிக்கப்பட்டது என்று எழுதி, என் நம்பரில் புதிதாகப் பதிந்து, முத்திரை குத்திய சீட்டும் கொடுத்தாள். காரண்டி இன்னும் கெடக்கும்மா, ஒரு பைசா கேட்டாக் குடுக்காதீங்க என்றாள். சண்முகராஜைப் போனில் பிடித்து என்னிடம் கொடுத்தாள். நான் திட்டின திட்டுக்கு அவன், தப்புதாங்கம்மா, ஆனா உங்க மகன் சாரு ஒரு வார்த்தை ஆயிருச்சான்னு கேட்டிருந்தா நான் இல்லைன்னுதாங்க சொல்லியிருப்பேன் என்றான்.

நேற்று அவன் காயிலோடு வந்தான். மாட்டி முடித்ததும் நம்பர் சொல்லுங்கம்மா என்றான். உக்காரு என்றேன். சுவிட்சைப் போட்டு, தண்ணி சுட்டு, நான் கை வைத்துப் பார்த்து, ராஜகுமாரியைக் கூப்பிட்டு அவளையும் கை வைக்கச் சொல்லி, அதற்கப்புறம்தான் தொட்டிப் பக்கம் போய் என் போனுக்கு வந்த நம்பரை வாங்கி வந்து நானே வாசித்தேன். அந்த நேரத்தில் அவன் இன்னொன்றும் கண்டுபிடித்தான், பிளக்கில் எர்த் கம்பியே சேர்க்கவில்லை, டைல்ஸ் ஒட்டியவனையே வயரும் இழுக்க விட்டாயே, அவன் செய்த வேலை. ஷாக் அடிக்காமல் நான் மார்கழியைத் தாண்டியது வேலப்பர் புண்ணியம். சண்முகராஜ் கம்பி இழுத்து மண்ணில் இறக்கிக் கொடுத்தான். உன் புது வீட்டில் எந்த மிஷினை மாட்டுவதற்கு முன்னாலும் எலக்ட்ரீசியனை வைத்து எர்த் பார், ஹீட்டரை அணைத்துவிட்டுக் குளி, பாப்பாவையும் அப்படியே பழக்கு. ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, பின்னால் காற்றுப் போக வேண்டும். வாஷிங் மிஷினில் நூலும் முடியும் சேருகிற வலையை வாரம் ஒரு தடவை கழுவு. கடைக்காரன் வாயால் சொல்கிற எதையும் பில்லில் எழுதி வாங்கு. ரிப்பேருக்கு வருகிறவன் பெயர், வந்த தேதி, சொன்ன குறை எல்லாவற்றையும் குறித்துவை, உனக்கு என் ஞாபகம் கிடையாது.

சண்முகராஜ் இங்கேயே சாப்பிட்டான். ரசம் நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டான், அவன் மகள் படிப்பைப் பற்றிப் பேசினான், நகம் எப்படி அடிபட்டது என்று கேட்டேன், சொன்னான். அவன் வண்டி சத்தம் ஆட்டுப் பண்ணைத் திருப்பம் வரைக்கும் கேட்டது. அப்புறம் வீட்டில் ஹீட்டர் மட்டும் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் தொட்டிப் பக்கம் நிற்கும்போது கம்பெனியிலிருந்து ஒரு பிள்ளை கூப்பிட்டு, சர்வீஸ் திருப்தியாம்மா என்று கேட்டது. தண்ணி சுடுது தாயீ, அதுக்குத் திருப்திதான் என்றேன். நீ எந்த ஊரு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டது.

வேலப்பர் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும், புது வீட்டில் பால் பொங்கட்டும், பிரியாவுக்கு என் ஆசீர்வாதம், பாப்பாவுக்கு முத்தம். ஹீட்டர் பில் உன் போனில்தான் இருக்கிறது, அதைத் தாளில் எடுத்து மறக்காமல் தபாலில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, தொட்டிப் பக்கம் நிற்கிறேன், எடுப்பேன், பேசுவேன், காலைப் பற்றி நீ அழுதாலும் சமாதானம் சொல்வேன். சண்முகராஜை மன்னித்துவிட்டேன், அவனுக்கும் வயிறு இருக்கிறது. டைல்ஸ்காரனைக்கூட ஒரு நாள் மன்னிப்பேன். உன் அப்பா காரியம் முடிந்து நீ பஸ் ஏறும்போது, இருந்துக்குவியாம்மா என்று கேட்டாய், இருந்துக்குவேன் என்றேன். அதற்குப் பிறகு நீ என்னைக் கேட்டதில்லை. முகம் தெரியாத ஒரு பிள்ளை உன் அம்மாவுக்குத் திருப்தியா என்று கேட்டபோது, இருங்க, கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் சுடவில்லை என்று நான் சொன்னதற்கு மறுநாள், அம்மா ரொம்ப சந்தோஷமாக இருக்கிறாள் என்று என்னைக் கேட்காமலே சொன்னவனை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் பிரசாந்த்.

இப்படிக்கு,
உன் அம்மா
சோலையம்மாள்