உள்ளூரில்

17 ஒக்டோபர், வியாழன்

கோபம் இன்னும் ஆறவில்லை. நடுக்க நோய் பற்றி நான் தமிழாக்கிய துண்டுப்பிரசுரத்தோடு தோப்பூர் ஜெசீமா உம்மா இன்று எங்கள் ஓர்ஸ் ஹில் மொழிபெயர்ப்புக் கந்தோருக்கு வந்தார். கணவருக்கு நாலு நாளாக டோபமின் குளிசை, அதுதான் அந்த நோய்க்கான மாத்திரை, கொடுக்கவில்லையாம். அந்த மனிதரால் இப்போது தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்க ஏலாது.

"டோபமின உள்ளூரில வெளியிடுறாங்க எண்டு இதில போட்டிருக்கே, மகள். அதான் வெளிநாட்டுக் குளிசைய நிப்பாட்டிட்டன். உள்ளூர்க் குளிசை எங்க எடுக்கிற?"

நடுமூளையின் நரம்புக் கலங்கள் தூரத்து முனைகளில் மட்டுமல்ல, தாம் இருக்கும் இடத்திலேயே டோபமின் என்ற இரசாயனத்தை வெளியிடுகின்றன. அந்த வரி சொல்ல வந்தது அவ்வளவுதான்!

உடனே கணவரை டொக்டரிடம் கொண்டுபோகச் சொல்லி அவரை அனுப்பினேன். பிறகு, பிரசுரத்தைத் தட்டச்சு செய்த செல்வனை எல்லோர் முன்னாலும் பிடித்துக் கத்தினேன்.

"என்ர வசனத்தில கை வைக்க உமக்கு ஆர் சொன்னது?"

"நான் ஒண்டும் மாத்தேல்லை, மிஸ்."

பொய்யன். நாளைக்கு அவன் மேசையில் எறிவதற்கு என் கையெழுத்துப் பிரதியை இப்போதுதான் அலுமாரியிலிருந்து எடுத்தேன்.

முதலில் 'அவ்விடத்திலேயே' என்று எழுதியிருக்கிறேன். பிறகு அதை வெட்டிவிட்டு, சனத்துக்கு லேசாக விளங்கட்டும் என்று, மேலே 'உள்ளூரில்'. என் எழுத்து. என் பச்சைப் பேனை.