இடது கைப் பிரதி

செப்டம்பர் 4, வியாழன்

நாலரைக்குப் பள்ளியிலிருந்து வந்ததும், சீருடையைக்கூட மாற்றாமல் புதிய படகு விளையாட்டைக் கன்சோலில் போட்டேன். விற்பனைக்கு வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. விளையாட்டுக் கடைக்காரர் அண்ணனுக்கு முன்கூட்டியே கொடுத்திருக்கிறார், கூடவே ஒரு புதிய கன்ட்ரோலரும். அண்ணனுடைய விமர்சன வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் கடைக்கே வருகிறார்களாம்.

அந்த விமர்சனங்கள் என் பச்சை நோட்டில் பிறக்கின்றன என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அவன் டிஸ்க் கொண்டுவருவான். அம்மா பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலிருந்து வருவதற்குள் நான் இரண்டு மணி நேரம் விளையாடுவேன், எழுதுவேன். அவன் விளக்கைப் போட்டு, முடியைக் கோதிவிட்டு, கேமராவைப் பார்த்துப் பேசுவான். "ஒரு கை குடு பாப்பா" என்று ஆரம்பித்தது. ஒரு வருடம் ஆகிவிட்டது.

இன்றைய குறிப்பு: மழை தொடங்கும்போது கன்ட்ரோலர் உள்ளங்கையில் தூறுகிறது. கரைக்குக் கயிறு வீசிப் படகை இழுத்தால், கயிறு விறைக்க விறைக்க விரலடியில் இருக்கும் ட்ரிகரும் விறைக்கிறது. விரல் வலிக்கிறது. இவ்வளவு நல்ல வலியை வேறு எந்த விளையாட்டிலும் பட்டதில்லை. குறைகள்: விளையாட்டில் வரும் படகுக்காரி ஒரே நகைச்சுவையை நாலு முறை சொல்கிறாள். கன்ட்ரோலரின் பின்பக்கப் பொத்தான்கள் சின்னக் கைக்கு எட்டவில்லை.

செப்டம்பர் 6, சனி

போன மாதம் விமர்சனத்துக்காக வாங்கிவந்த ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுக்க அண்ணனோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை வாங்கி வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"'சத்தம் காதுல கேக்கல, முதுகுக்குப் பின்னாடி கேக்குது, நான் எழுந்து கதவத் தாப்பாள் போட்டுட்டு வந்தேன்'னு சொன்னீங்களே தம்பி. அந்த ஒரு வரிக்கே ஹெட்செட் மொத்தமும் வித்துத் தீந்துருச்சு. எங்கிருந்துதான் வருதோ உங்களுக்கு."

தாழ்ப்பாள் போட்டது நான். எழுதியது நான்.

"உக்காந்து விளையாடணும்ணே. விளையாட விளையாடத் தானா வரும்," என்றான் அண்ணன். கண்கூடச் சிமிட்டவில்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "பாப்பாவும் விளையாடுமா?"

"இவளா? இவ புத்தகப்பூச்சி. கன்ட்ரோலரக் குடுத்தா தலைகீழாப் பிடிப்பா. எனக்கு டீ போட்டுக் குடுப்பா, அவ்வளவுதான்."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம். நான் சிரித்ததை எப்படி மன்னிப்பது?

செப்டம்பர் 7, ஞாயிறு

டீ கேட்டான். போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றான். சரி. எழுதிவைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

சனிக்கிழமை படகு விளையாட்டு விற்பனைக்கு வருகிறது. அன்று கடையில் பெரிய திரை வைக்கிறார்களாம். அண்ணன் எல்லோர் முன்னாலும் முதல் துறைமுகத்தை விளையாடிக் காட்டி, புதிய கன்ட்ரோலரைப் பற்றிப் பேச வேண்டும்.

"முழுசா வேணாம்டி. துறைமுகத்த விட்டு வெளிய வர்ற வரைக்கும் போதும். எப்ப எந்தப் பட்டன் அமுக்கணும்னு வரிசையா எழுதிக் குடு. நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

"நீயே ஒருதடவ விளையாடிப் பாரேன்."

"எனக்கு எங்க நேரம்?"

அவன் கேட்காமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. நான் இடது கைக்காரி. கன்சோலில் என் பெயரில் தனிக் கணக்கு வைத்து, அதில் இடதையும் வலதையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். எல்லோரும் வலது ட்ரிகரால் கயிறு வீசுவார்கள். நான் இடதால் வீசுவேன். பச்சை நோட்டில் இருப்பதெல்லாம் என் கைக்கணக்கு. அவனுக்குத் தாளில் நல்ல பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு 'இடது'வையும் 'வலது' ஆக்குவேன், ஒவ்வொரு 'வலது'வையும் 'இடது' ஆக்குவேன். ஒரு வருடமாக அவனுக்காக உலகத்தையே திருப்பி வைத்துக் கொடுத்திருக்கிறேன். நான் இடது கையால் சாப்பாட்டுக் கரண்டி பிடிப்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவன், ஒருநாளாவது யோசித்தானா?

இந்த முறை திருப்பப்போவதில்லை. பச்சை நோட்டில் இருப்பதை இருக்கிறபடியே பிரதி எடுப்பேன். ஒரு சொல் பொய் இருக்காது.

செப்டம்பர் 11, வியாழன்

பிரதி முடிந்தது. என் கையெழுத்து இதுவரை இவ்வளவு அழகாக வந்ததில்லை.

"இடது ட்ரிகர்: கயிறு. வலது ட்ரிகர்: நங்கூரம். துறைமுக வாயிலில் விடாமல் கயிறு வீசி முன்னேறவும்."

அண்ணன் அதை வாங்கிக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். அது தெரிந்ததால் ஒரு நிமிடம் கை நீட்டித் தாளைத் திரும்ப வாங்கப் பார்த்தேன். அதற்குள் அவன் ஹாலில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டான். இடது கயிறு, வலது நங்கூரம், இடது கயிறு.

நங்கூரம் என்ற சொல்லை இத்தனை சந்தோஷமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 13, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கடையில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். நான் ஹெட்செட் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். பாதிப் பேர் கையில் புதிய கன்ட்ரோலர் பெட்டி. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, என் மழை வரியோடு ஆரம்பித்தான். "உள்ளங்கையில தூறும்." ஆஹா என்றார்கள். பிறகு படகு கிளம்பியது.

துறைமுக வாயில். இடது ட்ரிகரை இழுத்தான். நங்கூரம் விழுந்தது. படகு நின்றது.

சிரித்துச் சமாளித்தான். நங்கூரத்தை ஏற்றினான். மறுபடி கயிறு என்று நினைத்து இழுத்தான். மறுபடி நங்கூரம். மூன்றாம் முறை படகு தன் சங்கிலியையே சுற்றிக்கொண்டு பம்பரம் ஆனது. படகுக்காரி தன் பழைய நகைச்சுவையைச் சொன்னாள். அப்போதுதான் கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "தம்பி, இது படகு விளையாட்டா, நங்கூரம் விளையாட்டா?" என்றார்.

இந்த நொடிக்காகத்தான் ஒரு வாரம் காத்திருந்தேன். நெஞ்சு குளிர்ந்தது. மறைக்க மாட்டேன்.

அண்ணன் முகம் வெளுத்து, நெற்றி முழுவதும் வியர்த்திருந்தது. திரும்பி என்னைப் பார்த்தான். 'குறிப்பு தப்பு' என்று அவனால் சொல்ல முடியாது. சொன்னால், யார் எழுதிய குறிப்பு என்ற கேள்வி வரும். மாட்டினான் என்று நினைத்தேன்.

அவன் கன்ட்ரோலரைத் தூக்கிக் காட்டினான். "இதுல கோளாறுங்க. ஒண்ணு அமுக்கினா ஒண்ணு வேலை செய்யுது. யாரும் வாங்கிடாதீங்க."

கையில் பெட்டி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அலமாரியில் திருப்பி வைத்தார்கள். அண்ணன் கீழே வைத்த கன்ட்ரோலரைக் கடைக்காரர் எடுத்து, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே நின்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடையில் நடந்ததை அண்ணன் வீடியோவாகப் போட்டிருக்கிறான். அதற்குக் கீழே வந்தவை: "உண்மையைச் சொன்ன அண்ணனுக்கு நன்றி." "கடைக்காரனுக்குப் பயப்படாத ஒரே ஆள்."

கல்லை நான் எறிந்தேன். அவன் குனிந்துகொண்டான். பின்னால் நின்றவர் மண்டை உடைந்தது. அவனுக்கு மாலை.

என்னிடம், "எழுதும்போது தூங்கிட்டியா?" என்று மட்டும் கேட்டான். நான் வேண்டுமென்றே செய்திருப்பேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. என் கோபத்தில்கூட நான் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

பள்ளிவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். நியாயத்துக்காக என்று எழுதினால் அழகாக இருக்கும். பாதி நியாயம். மீதிப் பாதி, குறி தப்பிய கல்லை மறுபடி எடுத்து எறிய.

கடைக்காரர் மேசைமேல் அந்தக் கன்ட்ரோலரைக் கழற்றிப் போட்டிருந்தார். திருகாணிகள் ஒரு மூடியில். இரண்டு நாளாகக் கோளாறைத் தேடுகிறாராம். மற்ற பெட்டிகள் எல்லாம் திருப்பி அனுப்புவதற்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"அதுல ஒண்ணும் இல்ல அங்கிள். கோளாறு எங்க வீட்டுல இருக்கு."

சொன்னேன். அவர் நம்பவில்லை. இன்னொரு பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். நான் கன்சோலின் அமைப்புகளில் போய் இடதையும் வலதையும் மாற்றிக்கொண்டு, நாலே நிமிடத்தில் துறைமுகத்தைத் தாண்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். பிறகு பச்சை நோட்டைப் புரட்டினார். ஹெட்செட்டைப் பற்றி எழுதிய பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"கதவத் தாப்பாள் போட்டது நீயா?"

"ஆமா."

"டீ போடுற பொண்ணுன்னு சொன்னானே."

"அதுவும் போடுவேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "அவன் மேல கோவம்னா அவன் சட்டையப் பிடிச்சிருக்கணும். என் கடையக் கவுத்துட்டியேம்மா. நான் உனக்கு என்ன பண்ணேன்?"

அன்று சிரித்தவர்களில் அவரும் ஒருவர் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நானும்தானே சிரித்தேன்.

"சனிக்கிழமை ரெண்டு பேரும் வரணும். எங்க கவுத்தீங்களோ அங்கயே நிமித்துங்க."

செப்டம்பர் 16, செவ்வாய்

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கத்துவான் என்று கதவுப் பக்கமாகவே நின்றேன். கத்தவில்லை. சோபாவில் உட்கார்ந்தான்.

"வேணும்னே பண்ணியா?"

"ஆமா."

"ஒரு டீக்காகவா?"

"ஒரு வருஷத்துக்காக."

ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "எனக்கு விளையாட முடியாதுடி. பத்து நிமிஷம் திரை ஆடினாப் போதும், தலை சுத்தி வாந்தி வரும். சின்ன வயசுலருந்தே. கேம் விமர்சனம் பண்றவன் இத வெளிய சொல்ல முடியுமா?"

அப்படியானால் அந்த வியர்வை. அந்த வெளுத்த முகம்.

பாவம் என்று எழுத வந்தேன். எழுத மாட்டேன். தலை சுற்றுகிறவனால் 'இது என் தங்கச்சி எழுதினது' என்று சொல்ல முடியாதா? அதற்கு எந்தத் திரையும் ஆடாதே.

செப்டம்பர் 20, சனி

அதே திரை. கூட்டம் பாதிதான். கட்டிய பெட்டிகளைக் கடைக்காரர் பிரித்து மறுபடி அடுக்கியிருந்தார். அண்ணன் கேமராவை ஓடவிட்டு, அதே சட்டையில் நின்றான்.

"கன்ட்ரோலர்ல கோளாறு இல்ல. போன வாரம் நான் சொன்னது பொய். இத்தன நாளா விளையாடினது, எழுதினது எல்லாம் என் தங்கச்சி. நான் வாசிச்சேன், அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்ற அதே சொல். அவன் தெரிந்து சொன்னானா என்று தெரியவில்லை. எனக்குப் போதும்.

பிறகு நான். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. "குறிப்ப மாத்தாமக் குடுத்தது நான். தப்புதான். கன்ட்ரோலர் நல்லாருக்கு. பின்னாடி இருக்கற பொத்தான் மட்டும் சின்னக் கைக்கு எட்டாது." கடைக்காரர் நெற்றியைத் தேய்த்தார்.

பேருந்து நடத்துநர் சீருடையில் ஒரு பெண், பையைக்கூடக் கழற்றாமல் முன்னால் வந்தார். "இடது கைக்கு மாத்தலாமா? அது எங்கம்மா இருக்கு? நான் ரெண்டு வருஷமா கைய முறுக்கிப் பிடிச்சு விளையாடிட்டிருக்கேன்."

காட்டினேன். ஒரு பெட்டி விற்றது. பெரிய கணக்கில்லை. ஆனால் கேட்டது என்னை.

செப்டம்பர் 27, சனி

புதிய டிஸ்க் வந்திருக்கிறது. எப்போதும் உறைமேல் 'தம்பிக்கு' என்று எழுதியிருக்கும். இன்று கடைக்காரர் 'எழுதுபவருக்கு' என்று எழுதியிருக்கிறார். அடியில் ஒரு வரி: 'இடது, வலது சரிபார்த்து அனுப்பவும்.' இன்னும் கோபம் போகவில்லை போல. நியாயம்தான்.

முதல் அபிப்பிராயம்: ரயில் பாதை போடும் விளையாட்டு. பாலத்தில் போகும்போது ஒரு சத்தம், மண்ணில் போகும்போது வேறு சத்தம். கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். நான் பேசிக்கொண்டே விளையாடினேன். அண்ணன் திரைக்கு முதுகு காட்டி நின்று, கேமராவை என் கைகள்மேல் வைத்துப் படம் பிடித்தான்.

இடையில் டீ போட்டுக்கொண்டு வந்தான். குடித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"சர்க்கரை கம்மி" என்றேன்.

உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தான்.