காலை டிரிப்பில் இரண்டு பேர்

ஜூன் 9, செவ்வாய்

காலை பஸ்ஸில் இன்றும் நானும் மேலத்தெரு ரத்தினம்மாளும்தான். எனக்காவது செஞ்சி ஜவுளிக்கடையில் வேலை இருக்கிறது. அவருக்கு என்ன? பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றதும் தினமும் ஏறிவிடுகிறார். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அதே வண்டியில் திரும்பிவிடுவாராம். கொடுத்து வைத்தவர். ஜன்னலோர சீட்டும் அவருக்குத்தான். வழியெல்லாம் பேச்சு வேறு. கோட்டை மலை தெரியும்வரை தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜூன் 12, வெள்ளி

சந்தை நாள். முன்பெல்லாம் ஆட்டுக்குட்டிகளோடு நிற்க இடமிருக்காது. இப்போது ஆடுகள் மினி வேனில் போகின்றன, ஆட்கள் பைக்கில். கண்டக்டர் செந்தமிழன் சொன்னார்: "ஆளே ஏறலன்னா இந்த டிரிப்ப கட் பண்ணிடுவாங்கக்கா. டிப்போல பேச்சு அடிபடுது."

பஸ் நின்றால்? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தினமும் ஆட்டோ வைத்துக்கொள்ள முடியுமா? வேலையை விட்டுவிட்டு பெங்களூரில் என் பையன் குருவின் ஒற்றை அறையில் போய் உட்காரவேண்டியதுதான்.

ஜூன் 14, ஞாயிறு

கடை விடுமுறை. வீடு கணக்கெடுக்க ஒரு வாத்தியார் வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்றார். நான் ஒருத்திதான். எதிர்வீடு? பூட்டு. பக்கத்து வீடு? பொங்கலுக்கு வருவார்கள். அதற்கடுத்தது? அவர்கள் பொங்கலுக்கும் வருவதில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

சாயங்காலம் குரு போன் செய்தான். "அந்த ஊர்ல இன்னாம்மா இருக்குது? வந்துடேன்." சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

ஜூன் 17, புதன்

ரத்தினம்மாள் வரவில்லை. அப்பாடா, நிம்மதி.

ஜூன் 18, வியாழன்

நிம்மதியாவது ஒன்றாவது. அவர் தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டதாம். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பஸ்ஸில் நான் மட்டும். ஜன்னலோர சீட் காலியாகத்தான் இருந்தது. ஏனோ அதில் உட்கார மனம் வரவில்லை.

ஜூன் 19, வெள்ளி

பாவம், ஊர் சுற்ற முடியாமல் போய்விட்டதே என்று செந்தமிழனிடம் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

"ஊர் சுத்தவா? அந்தம்மா உங்களுக்காகத்தான்க்கா ஏறுனாங்க. 'நானும் ஏறலன்னா வண்டிய நிறுத்திடுவாங்க, அந்தக் கவிதா இன்னா பண்ணும்? ஒண்டியா கெடக்குது, வேலையும் பூட்டா யாரு இருக்காங்க அதுக்கு'ன்னுவாங்க. முட்டி வலியோட படியேறுவாங்க."

எனக்காகவா? நான் இன்னா பண்ணேன் அவங்களுக்கு? வாயத் தொறந்து ஒருநாள் நல்லா பேசினது கூட இல்லையே. கண்ண மூடிக்கினு— சீ.

கடையில் புடவை மடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. தூசி ஒத்துக்கொள்ளவில்லையா என்று முதலாளியம்மா கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 21, ஞாயிறு

விழுப்புரம் போய்ப் பார்த்தேன். படுத்தபடியே, "சாப்டியா?" என்றார். அடுத்த கேள்வி, "வண்டி வருதா?"

"வருது அத்தே."

இத்தனை வருடத்தில் அவரை நான் அத்தை என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வூட்டுக்கு வர இன்னும் நாளாவும் போலக்குதுடி" என்றார்.

ஜூன் 28, ஞாயிறு

காலையில் ஸ்டாப்பில் போய் நின்றேன். செந்தமிழனுக்கு ஆச்சரியம். "இன்னிக்கு லீவாச்சேக்கா, எங்க போறீங்க?"

"செஞ்சிக்குத்தான்."

வேறு யாரும் ஏறவில்லை. இருந்தாலும் ஜன்னலோர சீட்டில் என் பையை வைத்து இடம் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அதே வண்டியில் திரும்பினேன்.