அமீபாவின் வயிற்றில் இருப்பது

மச்சானுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மூன்று மாதமாகத்தான் எழுதப் படிக்கப் பழகுகிறேன். இதற்கே காலைப் பொழுது முழுவதும் போய்விட்டது. ஆனாலும் எழுத எழுத எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நேற்று கம்பெனிக் காகிதமும் ஸ்டாம்ப் பேடுமாக வந்தாய். நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கவும், "என்னா மாமா, படமா பாக்கற? கட்டை விரல வையி" என்றாய். நான் படித்துக்கொண்டிருந்தேனடா! 'பீடி குடித்ததால்தான் எனக்கு நுரையீரல் காய்ச்சல் வந்தது' என்று அதில் இருந்தது. உன் அக்காளைக் கேள், நான் பீடியைத் தொட்டதே இல்லை. கை நடுங்குகிறது, பிறகு வா என்று அனுப்பியது அதனால்தான்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டரம்மா எல்லாம் சொன்னார். நம் கம்பெனி கூலிங் டவர் தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாத அமீபா இருக்கிறதாம். காய்ச்சல் கிருமி அதன் வயிற்றுக்குள் புகுந்து, அங்கேயே தின்று பெருகுகிறதாம். குளோரின் ஊற்றினாலும் உள்ளே இருப்பது சாகாது. டவரை நிறுத்தி, அது குடியிருக்கும் பாசியைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

இதைத்தானே நான் போன வருஷமே கேட்டேன்? "மருந்து ஊத்துனா போதும். டவர நிறுத்துனா உன் அப்பனா வந்து லைன் ஓட்டுவான்?" என்று விரட்டினாய். டவரிலிருந்து தெறிக்கும் அந்தச் சாரலை மூச்சில் இழுத்தவன் நான், சூப்பர்வைசரான நீ இல்லை.

இப்போது என் இடத்தில் திம்மராயன் நிற்கிறான். நேற்றிலிருந்து அவனும் இருமுகிறான்.

டவரை நிறுத்திக் கழுவு. இல்லாவிட்டால் அடுத்த வாரமும் எழுதுவேன். அது உனக்கு வராது, தொழிற்சாலை ஆய்வாளருக்குப் போகும்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்