கண்ணுக்குக் கீழே மைனி பூசிய மருந்து

1931 ஏப்ரல் 15, புதன்

காலையிலேயே சுள்ளென்று வெயில். நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் லீவு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இராஜாக்கமங்கலத்தார் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். முன்பு வந்த இரண்டு இடமும் கண்ணுக்குக் கீழே கறுப்பு, சீக்குக்காரி என்று போய்விட்டார்கள். எனக்கு இருபத்தாறு.

மைனி அண்ணனைக் கட்டி வந்து ஆறு வருஷம். அவளுக்கு என் முகத்தின் மேல் இன்றுதான் அக்கறை. அரைத்தது: கஸ்தூரி மஞ்சள், நந்தியாவட்டைப் பூ, வெள்ளரிப் பிஞ்சு, கற்றாழைச் சோறு.

"கண்ண மூடிக்க ஏட்டி. நாலு நாள்ல கறுப்பு போயிரும்."

இதே இராஜாக்கமங்கலத்தார் போன வருஷம் மைனியின் தங்கையை வேண்டாம் என்றவர்கள். மறந்திருப்பாளா?

ஏப்ரல் 16, வியாழன்

எரிச்சல். கறுப்பு அப்படியே, அதன் மேல் சிவப்பு வேறு.

"எரியுதா? மருந்து பிடிக்கும்போது அப்படித்தான் இருக்கும்," என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. அரைப்பதைப் பார்க்கப் பின்கட்டுக்குப் போனேன். முதுகைத் திருப்பிக்கொண்டாள். ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் முதுகைக் காட்டுவானேன்?

ஏப்ரல் 17, வெள்ளி

இடக் கண்ணின் கீழ் இரண்டு கொப்புளம். மருந்தை வீசிவிட்டேன். சோப்பு வாங்க வேண்டும்.

"மைனி வேணும்னுதான் செய்யுதாவ, அண்ணே."

அண்ணன் துண்டை உதறிக்கொண்டு வயலுக்குப் போனான். மைனி காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

ஏப்ரல் 18, சனி

தண்ணீர் கோரும்போது மைனியின் சேலைத் தலைப்பு விலகியது. அவள் கண்ணுக்குக் கீழேயும் சிவப்பு, கொப்புளம். எனக்குப் பூசும் முன் தனக்குப் பூசிப் பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் உறைத்தது. செவ்வாயன்று கறிக்கு முந்திரிப் பருப்பு எடுக்கப் பச்சைக் கொல்லாங்கொட்டை உடைத்தது நான். மருந்து அரைக்கும் சின்ன அம்மியில் வைத்து. கொட்டைத் தோட்டில் வடியும் நெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்று கையில் மட்டும் பத்திரமாகத் தேங்காய் எண்ணெய். பிறகு கையைக் கழுவினேன். அம்மியைக் கழுவவில்லை.

மைனியிடம் சொல்ல வேண்டும். வெட்கமாக இருக்கிறது. நாளைக்கு.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மை என் முகத்தையே பார்த்தாள்.

"கண்ணுக்குக் கீழ என்ன செவந்து கெடக்கு? சீக்கா, தீனமா?"

மைனி காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"தீனம் ஒண்ணுமில்ல. நான் அரைச்ச மருந்து. கொல்லாங்கொட்டை ஒடச்ச கல்லு, கழுவாம அரைச்சிட்டேன். எனக்க கன்னத்தயும் பாருங்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உடைத்தது யார் என்றும்.

"கல்லக்கூடக் கழுவாமலா அரைப்பாவ? பொண்ணு பாவம்," என்றாள் அந்த அம்மை.

மைனி ஒன்றும் சொல்லவில்லை. நானும்.

என்னைப் பிடித்திருக்கிறதாம். வருகிற ஞாயிறு சபையில் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்று சொல்லிப் போனார்கள்.