உப்புக் கோணியும் மாதனூர் மல்லியும்

ஆம்பூர், 8 ஏப்ரல் 1984

நான் எழுதப்போவதை ஈரேழு உலகிலும் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. ஆனாலும், இருபத்தாறு வருஷம் தோல் குடோனில் கணக்கு ரைட்டராக இருந்தும் மூக்கு மழுங்காத மாவீரன் நந்தகோபாலாகிய நான் சத்தியமாகச் சொல்கிறேன்: நேற்று சாயங்காலம் அடுத்த வீட்டு ஆபித் பாஷாவின் மல்லிகை வாசனையில் பெங்களூர் எக்ஸ்பிரஸ் பதினோரு நிமிஷம் நகராமல் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி மோந்துகொண்டிருந்தார்.

அக்கா மகள் சாவித்திரி எங்களோடு தங்கி ஷூ கம்பெனிக்குப் போகிறவள். அவளிடம் சொன்னேன். "மாமா, வண்டி டயத்துக்குப் போச்சு. ரயில் கேட்டாண்ட எங்க கம்பெனி பஸ்ஸு நின்னுச்சி, நானே பாத்தேன்" என்றாள். கலையுணர்ச்சி இல்லாத குழந்தை.

என் தோட்டத்திலும் செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை எல்லாம் உண்டு. ஒரு தடவை வைத்தால் ஆயுசுக்கும் பூக்கும் ஜாதி. அவற்றுக்கெல்லாம் மகாராணி, என் மனைவி தனபாக்கியத்தின் மல்லி. மாதனூரில் அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தது. இன்றைய விளைச்சல்: ஐந்து பூ.

12 ஏப்ரல்

பாஷா ரிட்டயர்டு கூட்ஸ் கார்டு. தினமும் செடிகளுக்குப் பச்சைக்கொடி காட்டுகிறார் போலும், எல்லாம் உடனே கிளம்பிவிடுகின்றன.

இன்று தனபாக்கியத்தின் தலையில் இரண்டு முழம் பூ. ஏது என்றேன்.

"பாயம்மா குடுத்தாங்க."

"நம்ம வீட்டுப் பூ இன்னா ஆச்சி?"

"அஞ்சே அஞ்சு. அத்த காதுலயா சொருவிக்கறது?"

கோபத்தில் சாப்பிடவில்லை. நாலு தோசையோடு எழுந்துவிட்டேன்.

20 ஏப்ரல்

பொறாமை எல்லாம் ஒன்றுமில்லை. வெயில்.

2 மே

இன்று ஆம்பூரில் காக்கைகள் நடந்து போயின. மேலே போனால் வெந்துவிடுமாம். இந்த நிலையில்தான் எனக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. ஈரக்கோணியை வேரைச் சுற்றிப் போட்டு, இரண்டு வேளையும் தண்ணீர் விட்டால் மகாராணி குளுகுளுவென்று இருப்பாள், நூறு நூறாகப் பூப்பாள், பாஷா மதிலுக்கு அந்தப் பக்கம் மயங்கி விழுவார்.

குடோனில் தோல் கட்டி வந்த பழைய கோணிகள் பத்து எடுத்துவந்தேன். மல்லிக்கு மட்டும் நாலு; மிச்சம் மற்ற செடிகளுக்கு.

பாஷா மதில்மேல் தலையை நீட்டினார். "நல்ல ஐடியாவா கீதே தோஸ்த்! எனக்கும் ரெண்டு கோணி குடேன்."

"இருந்தது அவ்ளோதான் பாய்" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் ஆறு கிடந்தது. நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சிறியது.

16 மே

மல்லி இலை ஓரமெல்லாம் கருகுகிறது. தண்ணீர் போதவில்லை. கோணியை இன்னும் நனைத்தேன்.

22 மே

இலை கொட்டுகிறது. அடிமண்ணில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. பாஷாவின் கண்தான். மனுஷன் தினமும் பார்க்கிறாரே! நாலு மிளகாயைச் சுற்றிப் போட்டேன். இருமினது நான்தான்.

25 மே

வேடிக்கையாக எழுத வரவில்லை.

காலையில் தனபாக்கியம் கிளையை ஒடித்துப் பார்த்தாள். சுள்ளி மாதிரி உடைந்தது. கத்தவில்லை. "பஸ்ஸுல மடியில வச்சி எடுத்தாந்தேன்" என்றாள். அவ்வளவுதான். மாதனூர் வீட்டை அவள் அண்ணன் விற்று, தாய்ச்செடி இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் கடை. வேறெங்கே போய் வாங்க?

பாஷா வந்தார். கோணியைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தார். "இன்னா தோஸ்த், ஊறுகா போட்டுக்கினியா? உப்புத்தோலு கட்டுன கோணியாச்சே இது!"

உப்பு. என்னை நானே கேட்டேன்: காலையிலிருந்து சாயங்காலம்வரை அழுகாம இருக்க உப்புத் தடவின தோலைத்தானேடா எண்ணுறே? கையெல்லாம் உப்பு அரிக்குதுன்னு தினம் வந்து புலம்புறே. அந்த ஒண்ணு தோணலியே — எங்க போச்சு புத்தி? மதிலுக்கு அந்தாண்ட போச்சு.

பாஷா குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவினார். அரளியும் செம்பருத்தியும் தப்பிக்குமாம். மல்லி போய்விட்டது.

27 மே

தனபாக்கியம் என்னோடு பேசவில்லை. மூன்று நாள். (மிகைப்படுத்தவில்லை.)

மதிலோரம் நின்றேன். பாஷாவிடம் ஒரு பதியன் கேட்கலாம். வேறு ஜாதியானாலும் மல்லிதானே. கேட்காமலே திரும்பிவிட்டேன்.

3 ஜூன்

கேட்டுவிட்டேன். அதற்கு முன் இதையும் சொன்னேன்: "பாய், அன்னிக்கு கோணி இருந்தது."

"தெரியும். மதில்மேலருந்து ஆறும் தெரிஞ்சிது" என்றார். பிறகு சிரித்தார். "ரெண்டு குடுத்திருந்தா இதுவும் போயிருக்கும் தோஸ்த். ஒரே செடிதானே?"

எனக்குப் புரியவில்லை.

"உன் சம்சாரம் மூணு வருஷத்துக்கு முன்ன பதியன் போட்டு எங்க பேகத்துக்குக் குடுத்தது. மாதனூர் மல்லி. நான் தை மாசம் கிளைய வெட்டுறேன், நீ வெட்ட விடறதில்ல. அவ்ளோதான் வித்தியாசம்."

வீட்டுக்கு ஓடினேன். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா குடுக்க விட்டிருப்பீங்களா?"

பத்து நாளில் முதல் பேச்சு. ஆக, இரண்டு மாதமாக என் சொந்த மாமியார் வீட்டுப் பூவைப் பார்த்துத்தான் வெந்திருக்கிறேன்!

பாஷா தன் செடியில் ஒரு கிளையை வளைத்து மண்ணில் அழுத்திக் கல் வைத்தார். கல்லை எடுத்துக் கொடுத்தது தனபாக்கியம்.

11 செப்டம்பர்

வேர் விட்டது. பழைய குழி மண்ணை அள்ளிவிட்டுப் புது மண் போட்டு நட்டோம். குடோனிலிருந்து வந்தால் கை கழுவாமல் செடிப்பக்கம் போகக்கூடாதென்று எனக்கு உத்தரவு.

14 ஏப்ரல் 1985

ஏழு பூ. தனபாக்கியம் நாலைக் கிண்ணியில் போட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஐந்தாகக் கொடுத்திருக்கலாம்.

"இன்னா மாமா, இன்னிக்கு ரயிலு நின்னுச்சா?" என்றாள் சாவித்திரி.

தண்டவாளத்தை விட்டிறங்கி நம் தெருவுக்கே வந்துவிட்டது என்றேன்.

சரி, இந்த நோட்டில் மட்டும் எழுதிவைக்கிறேன். போன வருஷம் எக்ஸ்பிரஸ் நின்றது பொய். டிரைவர் இறங்கியது பொய். பதினோரு நிமிஷம் என்பது மட்டும் நிஜம். சத்தம் கேட்காமலிருக்கச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாஷாவின் மதிலோரம் அந்த மல்லியை மோந்துகொண்டு நின்றவன் நான்.